அடுப்புக்குள் இருந்த நாட்குறிப்பு: வடபுலப் பனிவெளியும் இளையோரும்

1929 ஜூலையில், கனடாவின் வடமேற்கு ஆட்புலத்தில் தெலோன் ஆற்றங்கரையில் இருந்த ஒரு மரக்குடிலைத் தேடிக் கனடாவின் குதிரைப்படைக் காவல் துறையினர் வந்து சேர்ந்தார்கள். அங்கே மூன்று பேரின் உடல்கள் கிடப்பது அவர்களுக்குத் தெரியும். ஓராண்டுக்கு முன் அந்த வழியே கனிமம் தேடிப் போனவர்கள் பார்த்துவிட்டுச் செய்தி சொல்லியிருந்தார்கள். இரண்டு உடல்கள் குடிலுக்கு வெளியே சுற்றி வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவது உடல் உள்ளே படுக்கையில் இருந்தது. அடுப்பின் மேல் கிடந்த காகிதத்தில், அடுப்புக்குள் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தது. உள்ளே, ஆறிப்போன சாம்பலில், சில கடிதங்களும் ஒரு நாட்குறிப்பும் கிடைத்தன.

எழுதியவன் எட்கர் கிறிஸ்டியன். இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பை முடித்த கையோடு, 1926இல் தாய்வழி உறவினரான ஜான் ஹார்ன்பியுடன் கனடாவுக்குக் கப்பலேறியவன். கடைசிக் குறிப்பை எழுதியபோது அவனுக்கு 18 வயது. ஈரமும் விலங்கும் அண்டாத இடம் குடிலில் அடுப்பு ஒன்றுதான் என்பதை, எழுந்து நிற்கத் தெம்பில்லாத நிலையிலும் அவன் யோசித்திருக்கிறான்.

பத்தாண்டு கழித்து, 1937இல், அந்த நாட்குறிப்பு லண்டனில் நூலாக வந்தது. கலங்காத உறுதி என்று பொருள்படும் தலைப்பு வைத்தார்கள். அந்தத் தலைப்புதான் என்னை நெடுநாள் உறுத்தியது. வடபுலத்தில் சிக்கிய இளையோரின் கதைகளை உலகம் பெரும்பாலும் இப்படித்தான் படித்துவந்திருக்கிறது. பிழைத்தால் துணிச்சல், செத்தால் வீர மரணம். ஆனால் அந்தக் குறிப்புகளை வரிசையாகப் படித்தால் வேறொன்று தெரியும். எட்கருக்குத் துணிச்சலில் குறையே இல்லை. மைனஸ் 40 டிகிரிக் குளிரில் பொறிகளைப் பார்த்துவரப் போனான், விறகு வெட்டினான், இரண்டு பெரியவர்களுக்குக் கடைசிவரை பணிவிடை செய்தான். அவனிடம் இல்லாதது அறிவு. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் தம் பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் கற்றுக்கொடுத்துவிடும் அறிவு. அது யாரிடமிருந்து யாருக்குப் போய்ச் சேர்ந்தது, எங்கே அறுந்தது, யார் அறுத்தார்கள் என்ற கேள்விகளோடு சில வாழ்க்கைகளை இங்கே பார்க்கலாம்.

ஹார்ன்பியைப் பற்றி ஒரு சிறு தகவல். 1882இல் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் தோற்று, 'ஆஷஸ்' என்ற பெயரே பிறக்கக் காரணமான டெஸ்டில் இங்கிலாந்து அணித் தலைவராக இருந்த ஏ. என். ஹார்ன்பியின் மகன் இவர். செல்வமும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளை. வடபுலத்தில் பல ஆண்டுகள் அலைந்தவர். கையில் எதுவும் இல்லாமலே அந்த நிலத்தில் வாழ முடியும் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை. 1924-25 குளிர்காலத்தை ஆர்ட்டிலரி ஏரிப் பக்கம் ஒரு மணல்மேட்டில் குழி தோண்டி, அதற்குள் ஒரு நண்பருடன் கழித்தார். அதில் உயிர் தப்பியதையே அவர் தகுதியாக எடுத்துக்கொண்டார். அடுத்த முறை எட்கரையும், ஹெரால்ட் அட்லார்ட் என்ற இளைஞரையும் கூட்டிக்கொண்டு மரங்கள் வளரும் எல்லையான மரக்கோட்டுக்கு அப்பால், தெலோன் ஆற்று வளைவில் தனித்து நிற்கும் ஸ்புரூஸ் தோப்புக்குப் போனார். கொண்டுபோன உணவு கொஞ்சம். கரிபூ மான்கள் வரும், சுட்டுக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம்.

கரிபூ மான்கள் நிற்காமல் நடக்கும் விலங்குகள். கோடையில் வடக்கே கடலோர மேய்ச்சல் நிலங்களில் கன்று ஈன்று, இலையுதிர் காலத்தில் தெற்கே காட்டுக்குத் திரும்பும். ஆயிரக்கணக்கில் ஓரிடத்தைக் கடந்துபோகும். ஒரு வாரம் கழித்து அங்கே போனால் சாணமும் குளம்புத் தடமும்தான் மிஞ்சும். ஆண்டுதோறும் அதே வழியில் வரும் என்ற உறுதியும் இல்லை. அந்த நிலத்தின் பழங்குடியினரான டெனெ மக்கள் இதனால்தான் தனித்தனிக் குடும்பங்களாகப் பல திசைகளில் பரவிக் காத்திருந்து, ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் குடில் கட்டி உட்கார்ந்துகொண்டு மான் நம்மைத் தேடி வரும் என்று இருந்ததை எந்த டெனெ கிழவியும் ஏற்றிருக்க மாட்டாள். 1926இல் தெற்கே திரும்பிய பெருங்கூட்டம் ஹார்ன்பியின் கண்ணில் படவில்லை.

பிறகு நடந்ததை எட்கர் நாள்வாரியாக எழுதியிருக்கிறான். வெள்ளை நரி, முயல், பனிக்கோழி, எப்போதாவது ஒரு மீன். அவையும் குறைந்தபோது, இலையுதிர் காலத்தில் குடிலுக்கு வெளியே எறிந்த எலும்புகளையும் மீன் தலைகளையும் பனியைத் தோண்டி எடுத்துக் காய்ச்சினார்கள். அதன்பின் விரிப்பாகப் போட்டிருந்த மான் தோலைச் சுரண்டி வேகவைத்துத் தின்றார்கள். தோலோடு போன மயிர் குடலை அடைத்தது. ஹார்ன்பி 1927 ஏப்ரல் 16 அன்று இறந்தார். அட்லார்ட் மே 4 அன்று. அதன்பின் ஏறத்தாழ நான்கு வாரம் எட்கர் தனியே இருந்தான். வெளியே வசந்தம் வந்துகொண்டிருந்தது. தாய்க்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், இதற்காக ஹார்ன்பியைக் குறை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அது அந்தப் பிள்ளையின் நல்ல மனம். நாம் அந்த வேண்டுகோளுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. நாற்பது வயதைக் கடந்த மனிதர் தன் பெருமையை நம்பி 17 வயதுப் பையனைக் கூட்டிப்போய்ச் சாகவிட்டார் என்பதே உண்மை.

இங்கே ஒரு உடலியல் செய்தியைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் சாப்பிட எதுவுமே இல்லாமல் மட்டும் சாகவில்லை. கிடைத்த முயலிலும் கோழியிலும் கொழுப்பு இல்லை. புரதத்தை மட்டுமே தின்று மனிதன் உயிர்வாழ முடியாது. புரதத்தில் உள்ள நைட்ரஜனை யூரியாவாக மாற்றி வெளியேற்றும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. அதற்கு ஓர் எல்லை உண்டு. நமக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதத்திலிருந்து எடுக்க முயன்றால் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி என்று உடல் குலையும். வடபுலத்தார் இதை முயல் பட்டினி என்பார்கள். கையில் இறைச்சி இருக்கும்போதே வரும் பட்டினி இது. 1928இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்கள் மேற்பார்வையில் ஆய்வாளர் வில்யால்முர் ஸ்டெஃபான்சன் இறைச்சி மட்டுமே உண்ணும் சோதனைக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டார். தொடக்கத்தில் கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் கொடுத்ததும் சில நாள்களில் நோயில் விழுந்தார். கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். பிறகு அந்த உணவிலேயே ஓராண்டை நலமாகக் கடந்தார்.

பெல்வியூவில் உறுதியானது வடபுலப் பழங்குடியினரான டெனெ, இனுவிட் மக்களின் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்திதான். அங்கே இறைச்சியைவிடக் கொழுப்புக்கு மதிப்பு அதிகம். இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஆண் மானின் முதுகில் கொழுப்பு தடித்துக் கிடக்கும், அப்போதே வேட்டையாடிவிட வேண்டும். எலும்பை உடைத்து மஜ்ஜையை எடுப்பார்கள். மிஞ்சிய எலும்பை நொறுக்கி நெடுநேரம் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் நெய்யை வழித்துச் சேர்ப்பார்கள். இறைச்சியைத் துணிபோல மெல்லியதாக விரித்து வெட்டி, கொம்புகளில் போட்டு, கீழே லேசான புகை மூட்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததை இடித்துப் பொடியாக்கி உருக்கிய கொழுப்போடு பிசைந்தால் பல மாதம் கெடாது. சிறு குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் தனியாக வகுப்பு எடுப்பதில்லை. ஏழெட்டு வயதில் சிறுமியின் கையில் கத்தி வந்துவிடும்.

இந்த அறிவில் பெண்களின் பங்கு எவ்வளவு என்பதை ஐரோப்பியருக்குச் சொன்னவர் டெனெ மக்களில் ஒரு பிரிவினரான சிப்பெவையன்களின் தலைவர் மட்டோனபி. ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் ஊழியர் சாமுவேல் ஹெர்ன், 24 வயதில், 1769இல் செம்பு வளத்தைத் தேடி வடக்கே புறப்பட்டுத் தோற்றுத் திரும்பினார். அடுத்த ஆண்டும் அதே கதை. திரும்பும் வழியில் பட்டினியோடும் குளிரோடும் போராடிய அவரைச் சந்தித்த மட்டோனபி, பயணத்தில் பெண்கள் இல்லாததே தோல்விக்குக் காரணம் என்றார். ஆண்கள் எல்லாரும் சுமை இழுத்தால் வேட்டைக்குப் போவது யார், வேட்டையாடினால் அதைச் சுமப்பது யார், தோலைப் பதப்படுத்தி உடுப்பும் காலணியும் தைப்பது யார் என்பது அவர் வாதம். மூன்றாம் பயணம் மட்டோனபியின் குடும்பத்தாரோடு 1770 டிசம்பரில் தொடங்கியது. 1771 ஜூலையில் ஹெர்ன் காப்பர்மைன் ஆற்றின் முகத்துவாரத்தில் ஆர்க்டிக் கடலைப் பார்த்தார்.

உடுப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஒருவருக்கு முழுக் குளிர்கால உடுப்பு தைக்க எட்டு, பத்து மான் தோல்கள் வேண்டும். கோடை முடிவில் கொன்ற மானின் தோல்தான் அதற்கு ஏற்றது. உள்ளே ஒன்று, மயிர் உடம்பைத் தொடும்படி. வெளியே ஒன்று, மயிர் வெளிப்பக்கம் இருக்கும்படி. கரிபூ மயிர் உள்ளே காற்றறைகள் கொண்டது, அதனால் சூடு தங்கும். தலைமூடியின் விளிம்புக்கு வுல்வரீன் தோல் வைப்பார்கள். மூச்சுப் பட்டு உறையும் பனி அதில் ஒட்டாமல் தட்டினால் உதிரும். கடல்நாய்த் தோல் காலணியை நரம்பிழை கொண்டு தைப்பார்கள். தண்ணீர் பட்டால் நரம்பு உப்பித் தையல் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒரு தையல் விட்டுப்போனால் கால் நனையும், நனைந்த கால் உறையும்.

அப்படித் தைக்கத் தெரிந்ததால்தான் ஏடா பிளாக்ஜாக் 1921இல் ராங்கல் தீவுக்குப் போகும் குழுவில் சேர்க்கப்பட்டார். அலாஸ்காவின் இன்யூபியாட் பெண். அப்போது அவருக்கு 23 வயது. மூன்று குழந்தைகளில் இரண்டைப் பறிகொடுத்தவர். கணவர் கைவிட்ட பிறகு, காசநோய் பிடித்த ஐந்து வயது மகனோடு நாற்பது மைல் நடந்து நோம் நகரத்துக்கு வந்தவர். மருத்துவத்துக்குப் பணமில்லாமல் மகனை ஓர் இல்லத்தில் விட்டிருந்தார். மாதம் 50 டாலர் சம்பளம் என்றதும் ஒப்புக்கொண்டார்.

சைபீரியாவுக்கு வடக்கே உள்ள அந்தத் தீவைப் பிரிட்டிஷ் பேரரசுக்கு உரிமையாக்கும் திட்டம் அது. அனுப்பியவர் மேலே பார்த்த அதே ஸ்டெஃபான்சன். போன நான்கு ஆண்களில் ஆலன் கிராஃபர்டுக்கு 20 வயது, மில்டன் காலேவுக்கு 19. ஃப்ரெட் மாரரும் லார்ன் நைட்டும் சற்று மூத்தவர்கள், வடக்கைப் பார்த்தவர்கள். ஆர்க்டிக் நட்பான இடம், தேடுபவர்க்கு உணவு தரும் என்பது ஸ்டெஃபான்சனின் கொள்கை. ஆறு மாதத்துக்கான உணவே கொடுத்து அனுப்பினார். அந்தக் கொள்கை பொய் என்று சொல்லிவிட முடியாது. இனுவிட் குடும்பங்களோடு வாழ்ந்து அவர்களிடம் கற்றவர் அவர். ஆனால் ராங்கலுக்கு வருவதாக இருந்த இன்யூபியாட் குடும்பங்கள் பின்வாங்கிய பிறகும் பயணம் நிற்கவில்லை. வேட்டையறிந்த குடும்பங்கள் இல்லாமல் அந்த நட்பை இருபது வயதுப் பையன்கள் எங்கிருந்து பெறுவார்கள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

1922இல் வர வேண்டிய கப்பலைக் கடற்பனி மறித்தது. உணவு தீர்ந்தது. 1923 ஜனவரி 28 அன்று கிராஃபர்டும் காலேவும் மாரரும் உதவி தேடிச் சைபீரியாவை நோக்கி உறைந்த கடல்மேல் புறப்பட்டார்கள். அவர்களை யாரும் மறுபடி பார்க்கவில்லை. தீவில் எஞ்சியவர்கள் ஏடா, ஸ்கர்வி நோயால் படுத்துவிட்ட நைட், விக் என்ற பூனை.

ஏடாவுக்கும் வேட்டை தெரியாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. சிறு வயதிலேயே நோமில் மதப் பரப்புநர்களிடம் வளர்ந்தவர். வாசிக்கவும் சமைக்கவும் தைக்கவும் அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். பொறி வைக்க, துப்பாக்கி பிடிக்க யாரும் கற்றுத்தரவில்லை. பனிக்கரடி என்றால் அவருக்குக் கொலைநடுக்கம். அப்படிப்பட்டவர் அந்தக் குளிரில் ஒவ்வொன்றாகக் கற்றார். நைட்டின் பொறிகளை எடுத்து வைத்துப் பார்த்தார், பல நாள் வெறுங்கையோடு திரும்பினார், பிறகு நரி விழுந்தது. துப்பாக்கிக் குறி பழகினார். கரடி வருவதைத் தொலைவிலிருந்தே பார்க்கக் கூடாரத்துக்கு மேலே பரண் அமைத்தார். கடல்நாயைச் சுட்டார். மரச்சட்டத்தில் தோல் போர்த்துப் படகு செய்தார். நோயாளியின் பாதங்களுக்கு மணல் மூட்டைகளைச் சூடாக்கி வைத்தார். படுக்கையில் கிடந்தவர் தன்னை ஏசியதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நைட் ஜூனில் இறந்தார். ஆகஸ்ட் 20 அளவில் மீட்புக் கப்பல் வந்தபோது ஏடா தனியே, தன் கையால் தைத்த உடுப்பில், உயிரோடு நின்றார்.

என் வாதத்துக்கு ஏடா எதிரான சான்று என்று ஒருவர் சொல்லலாம். கற்றுக்கொடுக்க ஆளில்லாமலே அவர் கற்றாரே என்று. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் வெறுங்கையோடு தொடங்கவில்லை. ஊசி அவரிடம் இருந்தது, தோலின் குணம் தெரிந்திருந்தது. பிறர் வேட்டையாடியதை ஒன்றரை ஆண்டு அருகிலிருந்து பார்த்திருந்தார். எல்லாவற்றையும்விட, இருக்குமிடத்தில் இருந்து காத்திருக்க அவருக்குத் தெரிந்தது. அந்தக் காத்திருப்புக்குக் காரணம் நோமில் இருந்த மகன். திரும்பி வந்ததும் பத்திரிகைகள் அவரைப் பெண் ராபின்சன் குரூசோ என்றன. அவர் கதையை வைத்துப் பிறர் பணம் பண்ணினார்கள். நைட்டை அவர் கவனிக்காமல் விட்டார் என்ற பழியும் வந்தது. அதை நைட்டின் பெற்றோரே மறுத்தார்கள். 1983இல், 85 வயதில், அலாஸ்காவில் இறந்தார்.

இனி, உலகம் நன்கு அறிந்த இளைஞர். 1992 ஏப்ரல் 28 அன்று அலாஸ்காவின் ஹீலிக்கு அருகே ஸ்டாம்பீட் தடத்தில் நடக்கத் தொடங்கிய கிறிஸ் மெக்கேண்டில்ஸுக்கு 24 வயது. கொஞ்சம் அரிசி, சிறு துளைத் துப்பாக்கி, செடிகளைப் பற்றிய ஒரு புத்தகம். கைவிடப்பட்ட 142ஆம் எண் பேருந்தில் தங்கினார். ஜான் கிராக்கவரின் நூலும் (1996) ஷான் பென்னின் படமும் (2007) அவரை உலகெங்கும் இளைஞர்களின் கனவாக்கின. அவர் உண்டதாகக் கருதப்படும் விதைகளில் நஞ்சு இருந்ததா என்று ஆய்வாளர்கள் வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஜூன் மாதத்தில் நடந்த ஒன்று. அவர் ஒரு மூஸ் மானைச் சுட்டார். பல மாதத்துக்கான உணவு அது. தெற்கு டகோட்டாவில் வேட்டைக்காரர்களிடம் கேட்டு வைத்திருந்தபடி புகைபோட்டுப் பதப்படுத்தப் பார்த்தார். ஈக்கள் மொய்த்தன, புழு வைத்தது, அத்தனை இறைச்சியும் பாழ். மெல்லிய துண்டுகளாக வெட்டிக் காற்றில் காயவைப்பதே அலாஸ்கா வழக்கம். டகோட்டாக்காரர்கள் தங்கள் ஊருக்குச் சரியானதைத்தான் சொன்னார்கள். அந்த நிலத்துக்கான பதிலைச் சொல்ல அந்த நிலத்துக்காரர் ஒருவரும் அவரருகே இல்லை. அந்த மானைக் கொன்றதற்காக அவர் தன் குறிப்பில் வருந்தியிருக்கிறார்.

ஜூலைத் தொடக்கத்தில் ஊர் திரும்பப் புறப்பட்டவரை டெக்லனிகா ஆறு தடுத்தது. ஏப்ரலில் எளிதாகக் கடந்த அதே ஆறு, கோடையில் பனியாறு உருகிக் கரைபுரண்டது. கால் மைல் தொலைவில் கம்பியில் தொங்கும் இழுவைக் கூடை இருந்தது. கையில் விவரமான வரைபடம் இல்லாததால் அது அவருக்குத் தெரியவில்லை. ஆகஸ்டில் இறந்தார், செப்டம்பரில் உடல் கிடைத்தது. எடை சுமார் 30 கிலோ. அந்தப் பேருந்தைப் பார்க்கப் போனவர்களில் 2010இலும் 2019இலும் இரண்டு இளம்பெண்கள் அதே ஆற்றில் உயிரிழந்தார்கள். 2020 ஜூனில் ஹெலிகாப்டர் வைத்துப் பேருந்தையே தூக்கிச் சென்றார்கள்.

இதுவரை பார்த்தவர்கள் அறிவில்லாமல் அந்த நிலத்துக்குள் போனவர்கள். அந்த நிலத்திலேயே பிறந்து, அறிவு கைக்கு வரும் வயதில் அதிலிருந்து பிடுங்கப்பட்ட பிள்ளைகளின் கதை இன்னும் கொடியது.

1956இல் ஃபார்லி மோவாட் சிறுவர்க்காக ஒரு நாவல் எழுதினார். ஒரு வெள்ளையினச் சிறுவனும் ஒரு பழங்குடிக் கிரீ சிறுவனும் மரமற்ற பாரன் நிலத்தில் வழிதவறிக் குளிர்காலத்தைக் கடக்கும் கதை. கனடாவின் உயரிய இலக்கியப் பரிசு பெற்று, பள்ளிகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் படித்தது. அதில் உயிர்காக்கும் அறிவு பெரும்பாலும் கிரீ சிறுவனிடமிருந்து வருகிறது. நாட்டுப் பிள்ளைகள் அதை ரசித்துப் படித்த அதே ஆண்டுகளில், கிரீ, ஒஜிப்வே, டெனெ, இனுவிட் சிறுவர்களை அரசு உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1990கள் வரை நடந்த அந்தப் பள்ளிகளில் சுமார் 1,50,000 பிள்ளைகள் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. வேட்டைக் காலத்தில் அப்பாவோடு இருக்க வேண்டியவன் வகுப்பில் இருந்தான். மான் தோலைப் பதப்படுத்தப் பாட்டியோடு உட்கார வேண்டியவள் விடுதித் தரையைத் தேய்த்தாள்.

பிள்ளைகள் ஓடினார்கள். 1937 புத்தாண்டு நாளில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லெஜாக் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஓடிய நான்கு சிறுவர்கள் ஃப்ரேசர் ஏரியின் பனியில் உறைந்து கிடந்தார்கள். பத்து வயதைத் தொடாதவர்கள். ஓடிப்போய் இறந்த மாணவர்கள் குறைந்தது 33 பேர், பெரும்பாலும் குளிரால், என்று இந்தப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் கண்டறிந்தது.

அவர்களில் சானி வென்ஜாக்கின் கதை ஓரளவு முழுமையாகத் தெரியும். ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே ஓகோகி என்ற சிற்றூரைச் சேர்ந்த அனிஷினாபே சிறுவன். ஒன்பது வயதில் கெனோரா நகரப் பள்ளியில் சேர்த்தார்கள். ஊர் 600 கிலோமீட்டருக்கு அப்பால். 1966 அக்டோபர் 16 அன்று இரண்டு நண்பர்களோடு ஓடினான். நண்பர்களுக்குப் பக்கத்திலேயே உறவினர் வீடு இருந்தது. அவனுக்கு இல்லை. அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று ரயில் பாதையோரம் தனியே நடக்கத் தொடங்கினான். மேலே மெல்லிய பருத்திச் சட்டை. பையில் ஒரு சிறு கண்ணாடிப் புட்டி, அதில் நண்பர்கள் வீட்டுப் பெண்மணி கொடுத்த ஏழு தீக்குச்சிகள். உறைமழை, பனிச்சாரல், மைனஸ் 1 முதல் மைனஸ் 6 டிகிரி. எட்கர் பார்த்த குளிரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். ஏறத்தாழ 36 மணி நேரம் நடந்திருக்கிறான். 23ஆம் தேதி சரக்கு ரயில் ஓட்டுநர் அவனைப் பாதையோரத்தில் கண்டார். வயது 12.

சானியை அந்தப் பயணத்துக்கு அனுப்பியது காடு அல்ல. வீட்டில் இருந்திருந்தால் அக்டோபரில் எந்த உடுப்பில் வெளியே போவது, ஈர விறகில் தீ மூட்டுவது எப்படி, எப்போது நடையை நிறுத்தி ஒதுங்குவது என்பதெல்லாம் அந்த மூன்றாண்டுகளில் அவன் கைக்கு வந்திருக்கும். வீட்டில் இருந்திருந்தால் நடக்கவே வேண்டியிருந்திருக்காது என்பது அதைவிடப் பெரிய உண்மை. கெனோராவில் நடந்த மரண விசாரணையின் நடுவர்கள், பழங்குடிப் பிள்ளைகளுக்கான இந்தக் கல்விக் கொள்கை சரியானதுதானா என்று ஆராய வேண்டும் என எழுதிவைத்தார்கள். மறுஆண்டு மக்லீன்ஸ் இதழில் இயன் ஆடம்ஸ் எழுதிய கட்டுரையால் நாடு அவனை அறிந்தது. கடைசிப் பள்ளி மூட இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

அறுந்த இழையை முடிச்சுப்போடும் வேலை இப்போது நடக்கிறது. யெல்லோநைஃபுக்கு அருகே டெசிந்தா என்ற மையம் நிலத்தில் வாழ்ந்தபடியே கற்கும் உயர்கல்வி வகுப்புகளை நடத்துகிறது. மூத்தோரும் பேராசிரியரும் சேர்ந்து கற்பிக்கிறார்கள், தோல் பதப்படுத்துவதும் அரசியல் கோட்பாடும் ஒரே நாளில் நடக்கும். 1998இல் தொடங்கிய இளம் கனடா ரேஞ்சர்ஸ் அமைப்பு தொலைவூர்களில் 12 முதல் 18 வயதினருக்குப் பனிவெளிப் பயணத்தைக் கற்றுத்தருகிறது. ஸ்மார்ட்ஐஸ் என்ற நிறுவனம் இனுவிட் இளைஞர்களுக்குக் கடற்பனியின் தடிமனைக் கருவிகளால் அளக்கப் பயிற்சி தருகிறது. நிலம் சூடேறுவதால் பனி பழைய மாதங்களில் பழைய இடங்களில் உறைவதில்லை. மூத்தோரின் கணிப்பு தவறும் இடத்தில் கருவி துணை நிற்கிறது.

மானும் குறைந்துவிட்டது. பாத்தர்ஸ்ட் கரிபூ மந்தை 1986இல் சுமார் 4,70,000. 2018 கணக்கெடுப்பில் 8,200. தங்கள் பிள்ளைகளுக்குச் சுடவும் உரிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டிய நேரத்தில், அந்த மந்தையை வேட்டையாடுவதையே நிறுத்தவேண்டிய நிலை டெனெ மக்களுக்கு. ஆனாலும் அவர்களில் ஒரு பிரிவினரான திலிச்சோ மக்கள் சும்மா இருக்கவில்லை. 2016 முதல் கோடைதோறும் மூத்தோரும் இளையோரும் மான்களின் மேய்ச்சல் நிலத்தில் வாரக்கணக்கில் நடந்து, எண்ணி, பார்த்ததைப் பதிந்துவருகிறார்கள். சுடாமலே மானைக் கற்கும் முறை இது. அரசுகள் இத்தகைய வேலைக்கு ஆண்டுக்காண்டு நிதி நீட்டிப்புக் கேட்டு அலையவைக்காமல் நிலையான பணம் ஒதுக்க வேண்டும். உறைவிடப் பள்ளிகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடையறாமல் பணம் கிடைத்தது.

கனடாத் தமிழரில் பெரும்பாலோர் வாழ்வது ஒன்ராறியோவில். சானி நடந்து இறந்ததும் அதே மாகாணத்தில்தான். உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளின் நினைவாகச் செப்டம்பர் 30 அன்று பள்ளிக்கு ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு போகும் உங்கள் பிள்ளையிடம் அன்று மாலை உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்லுங்கள். எதற்காக நடந்தான், யார் அவனை வீட்டைவிட்டுக் கொண்டுபோனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.